நெல் குடோனில் எஸ்தர் கேட்ட சத்தம்

செய்தி வந்தபோது நான் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் இரும்புக் கடையில் போல்ட் விலை பேசிக்கொண்டிருந்தேன். பேசிக்கொண்டிருந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எங்கள் பட்டறையில் வேலை செய்யும் கலா. "வசந்தாக்கா, எங்க கீறீங்க? எஸ்தரக்கா பூட்டாங்கக்கா" என்றாள். "எங்க பூட்டா? இன்னிக்கி வேலைக்கி வர்றேன்னுதானே சொன்னா" என்று அவளிடமும் கத்தினேன். அவள் அழ ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. காலையில் தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தவளை ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார்கள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் கேட்ட விலைக்கே போல்ட்டைக் கட்டிக் கொடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு, பட்டறைக்குப் போவதா அவள் வீட்டுக்குப் போவதா என்று தெரியாமல் ரோட்டில் நின்றேன்.

எஸ்தரோடு வேலை செய்தவர்களுக்கு அவளை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அடக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் "நல்ல பொண்ணு, யார் வம்புக்கும் போகாது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வம்புக்குப் போகாதவளா? ஒரு நாள் அவள் போன வம்பு எனக்குத் தெரியும். அது நடந்த குடோனின் வாசற்படியிலேயே நான் நின்றிருந்தேன். அதைச் சொல்லாமல் அவளை மண்ணில் வைத்துவிட்டோம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ரைஸ் மில்லுக்கு வேண்டிய பிளோயர் செய்கிற பட்டறை எங்களுடையது. உமியையும் தூசியையும் ஊதித் தள்ளும் பெரிய காற்று மிஷின்தான் பிளோயர். எனக்கு ஸ்டோர்ஸ். எஸ்தருக்கு டெஸ்டிங்: செய்து முடித்த மிஷினை ஓட்டிப் பார்த்து, சரியா தப்பா என்று சொல்ல வேண்டியது அவள். என்னைவிட வயதில் சின்னவள், டிப்ளமோ படித்தவள். நான் வாய்க்காரி, அவள் காதுக்காரி. காலையில் நான் ஸ்டோர்ஸ் ஷட்டரைத் தூக்கும்போது எட்ட இருந்தபடியே, "இன்னாக்கா, இன்னிக்கி வூட்ல சண்டையா? ஷட்டரு சத்தமே சொல்லுது" என்பாள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

இப்போதெல்லாம் மில்லைச் சுற்றி வீடுகள் வந்துவிட்டன. பக்கத்து வீட்டுக்காரர்கள் சத்தம் தாங்கவில்லை என்று மனு கொடுக்கிறார்கள். அதனால் மில்காரர்கள் சத்தம் குறைந்த பிளோயர் கேட்டார்கள். வாயால் சொன்னால் போதாது, அளந்த ரிப்போர்ட் வேண்டும் என்றார்கள். எஸ்தர் இறக்கைகளின் வளைவை மாற்றினாள், காற்று நுழையும் வாயை மாற்றினாள், அடியில் ரப்பர் கொடுத்தாள். மிஷின் அடங்கி ஓடியது, எங்கள் எல்லோருக்குமே தெரிந்தது. ஆனால் வெளியிலிருந்து ஆள் வந்து எங்கள் தகர ஷெட்டில் வைத்து அளந்தபோது ஃபெயில். ஒரு பக்கம் கிரைண்டிங், இன்னொரு பக்கம் தகடு வெட்டும் பிரஸ், மேலே தகரக்கூரை. அளக்கும் கருவிக்கு எது யார் போடும் சத்தம் என்று தெரியுமா?

முதலாளி நடராஜன் கெட்டவர் இல்லை. பயந்தவர். "எஸ்தர், உன் பேச்ச கேட்டுத்தான் டிசைன மாத்தினேன். இன்னொரு தடவ அளக்கச் சொல்றேன். அதுவும் ஃபெயிலாச்சின்னா டெஸ்டிங்க வுட்ரு. பழையபடி போல்ட் முடுக்கப் போயிடு" என்று எல்லோர் எதிரிலும் சொன்னார். எஸ்தர் முகம் சுண்டிவிட்டது. அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "நான் போல்ட் முடுக்குவேன்க்கா, அதுல எனக்கு வெக்கம் இல்ல. காலனியில இருந்து வந்து இந்த சீட்ல ஒக்காந்தவ நான் ஒருத்திதான். நான் எறங்கிட்டா, அடுத்து எங்க தெருவுல எவளயும் இங்க ஒக்கார வெக்க மாட்டாங்க." அதற்குப் பிறகு அந்த அளவெடுப்பு எனக்கும் விளையாட்டாக இல்லை.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "சார், சத்தம் இல்லாத எடமா ஒண்ணு குடுங்க. மொதல்ல ரூமு சும்மா இருக்கறத அளக்கணும். அப்பறம்தான் சத்தத்த அளக்க முடியும்." அப்படி ஓர் இடம் எங்கே கிடைக்கும் என்று யோசித்து, கடைசியில் முதலாளியின் அண்ணனுடைய நெல் குடோனில் வந்து நின்றோம். காவாந்தண்டலம் போகும் வழியில், ரோட்டை விட்டு நன்றாக உள்ளே தள்ளி, வயலுக்கு நடுவில் இருக்கிறது. கனத்த சுவர், வழவழப்பான சிமெண்ட் தரை. அறுவடைக்கு நாள் இருந்ததால் காலியாகக் கிடந்தது. அண்ணனை ஊரில் பெரியவர் என்றுதான் சொல்வோம். எஸ்தரை ஏற இறங்கப் பார்த்து, "நீ யார் பொண்ணும்மா?" என்றார். "மாணிக்கம் பொண்ணுங்க." "மூட்ட தூக்குவானே, அந்த மாணிக்கமா? சரி, அளந்துட்டுப் போங்க. உள்ள சாமி கீது, பாத்து நடந்துக்குங்க." அவளுடைய அப்பா அந்தக் குடோனுக்கு எத்தனையோ அறுப்புக்கு மூட்டை சுமந்தவர், ஆனால் வாசற்படியோடு சரி, உள்ளே அடுக்குவது வேறு ஆட்கள். எஸ்தர் செருப்பை வெளியே விட்டுவிட்டு அந்தப் படியில் கொஞ்ச நேரம் நின்றாள். "போடி உள்ள, வேல கெடக்கு" என்று நான்தான் முதுகில் தட்டினேன்.

ஒரு வெற்று அறையை அளவெடுக்கத் தயார் செய்வது இத்தனை பெரிய வேலை என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. பெருக்கினோம், கழுவினோம். தராசு, சங்கிலி, ஏணி, தார்ப்பாய் எல்லாவற்றையும் வெளியே போட்டோம். டியூப் லைட் சோக் ரீங்காரம் செய்கிறது என்று அதையும் கழற்றச் சொன்னாள். கதவு இடுக்கில் சைக்கிள் டியூபை வெட்டித் திணித்தோம். பிறகு நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டினாள். டங்கென்று சுவர் திருப்பி அடித்தது. "நாம தட்டினா ரூமு திருப்பித் தட்டக்கூடாதுக்கா. தட்டினா அது மிஷினோட பேச்சுலயும் வாய வெக்கும்" என்றாள். சாக்கில் உமியை அடைத்துச் சுவரோரம் தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கினோம். ஒரு வரிசை அடுக்குவது, அவள் கை தட்டுவது, உதட்டைப் பிதுக்குவது, மறுபடி அடுக்குவது. உமித் தூசியில் எனக்கு உடம்பெல்லாம் அரிப்பு. "உன் கைதட்டலுக்கு ஆடறதுக்கு நான் இன்னா கரகாட்டக்காரியா?" என்று திட்டினேன். சிரித்துக்கொண்டே இன்னொரு சாக்கை என் தலையில் ஏற்றினாள்.

அளக்கும் நாள் வந்தது. சென்னையிலிருந்து வந்த பொறியாளர் சிரிக்கத் தெரியாத மனிதர். பிளோயரை நடுவில் வைத்து, அதைச் சுற்றி ஸ்டாண்டுகளில் மைக்குகளை நிறுத்தினார். உள்ளே அவரும் முதலாளியும் எஸ்தரும். வாசலில் நான், எனக்குப் பின்னால் பட்டறை ஆட்கள், வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டுப் பெரியவர். முதலில் கதவைச் சாத்தி, மிஷினை ஓட்டாமல் அறையின் அமைதியை அளந்தார். கதவைத் திறந்து, "எடம் நல்லா இருக்கு" என்றார். எஸ்தர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த சந்தோஷத்துக்காகவே இன்னும் நூறு சாக்கு சுமக்கலாம் என்று தோன்றியது.

மிஷினை ஓட்டினார்கள். வடக்குச் சுவர்ப் பக்கத்து மைக்கில் மட்டும் அளவு எல்லையைத் தாண்டியது. நிறுத்தி, மறுபடி ஓட்டினார்கள். அதே கதை. "நான் வர்றதைத்தான் எழுத முடியும். மதியத்துக்குள்ள வேற ஊருக்குப் போகணும். இன்னும் ஒரு தடவை பார்க்கலாம், அவ்வளவுதான்" என்றார் பொறியாளர். முதலாளி எஸ்தரைப் பார்த்தார். ஆட்கள் உள்ளே ஓடி ஒவ்வொரு போல்ட்டையும் முடுக்கினார்கள், பெல்ட் கவரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்கள். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தது.

"அளக்க வேணாம் சார், சும்மா கொஞ்சம் ஓட்டுங்க" என்று எஸ்தர் பொறியாளரிடம் கேட்டாள். மிஷின் ஓட, மெதுவாகச் சுவரோரம் நடந்தாள். வடக்குச் சுவர் நடுவில் நின்றுவிட்டாள். நின்றவள் நகரவே இல்லை. அவளுக்கு எதிரே அம்மன் படம் இருந்தது. பெரியவரின் அப்பா மாட்டியது. பெரிய மரச் சட்டம், முன்னால் கண்ணாடி. அவள் நின்ற பிறகு நானும் கூர்ந்து கேட்டேன். டம்ளருக்குள் ஸ்பூன் நடுங்குவது போல ஒரு சன்னமான சத்தம். எனக்கும் கேட்டது. முதலாளிக்கும் கேட்டிருக்கும், அவர் கண் அந்தப் படத்துக்குப் போய்விட்டுக் கீழே இறங்கியதைப் பார்த்தேன். யாரும் வாயைத் திறக்கவில்லை.

எப்படி விட்டோம் என்று கேட்பீர்கள். அறையில் துரும்புகூட இருக்கக்கூடாது என்று ஆணிமுதல் பிடுங்கியவர்கள் நாங்கள். ஆனால் சாமி படத்தை யாராவது பொருள் என்று நினைப்பார்களா? சாக்கை அடுக்கிய கைகள் தாமாகவே அந்தப் படத்தைச் சுற்றி ஜன்னல் போல அழகாக இடம் விட்டிருந்தன. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. அன்று காலை பாஸாக வேண்டும் என்று அதற்குப் பூச்சரம் போட்டு, சூடம் காட்டியதே நான்தான். எஸ்தரும் அதைத் தினம் பார்த்தவள்தான். "பாத்தேன்க்கா. ஆனா நாம கேக்கற விஷயமா அது?" என்று பிற்பாடு சொன்னாள்.

மிஷின் நின்றது. அவள் முதலாளியிடம் வந்து, எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்: "சார், படம் அதிருது."

பெரியவர் எழுந்து உள்ளே வந்துவிட்டார். "இன்னா சொன்ன?"

"ஃப்ரேம்ல கண்ணாடி லூசா கீதுங்க. மிஷினு காத்துக்கு அது அதிருது. அந்தச் சத்தம்தான் மைக்ல வுழுது."

"உன் மிஷினு கோளாறுக்கு எங்க சாமி மேல பழி போடறியா? எங்கப்பா மாட்டின படம் அது. இத்தினி வருஷத்துல ஒரு சத்தம் போட்டதில்ல. நீ வந்து நின்னதும்தான் சத்தம் போடுதா?"

என் பின்னாலிருந்து ஒருவன், "அவங்க வேதக்காரங்க, நம்ம சாமின்னா எளக்காரம்தான்" என்று முணுமுணுத்தான். காலனிப் பெண், வேறு சாமி கும்பிடுகிறவள், பெரியவரின் குடோன், பெரியவரின் அம்மன். அந்தப் பேச்சு அங்கிருந்து எந்தத் திசையில் வேண்டுமானாலும் போகலாம். ஊருக்குள் போனால் நிற்காது. முதலாளி வேர்த்து விறுவிறுத்து, "எஸ்தர், வுடு. வேற எதுனா பாரு" என்றார். 'ஒருவேளை பெல்ட்டா இருக்கும் சார்' என்று அவள் சொல்லியிருந்தால் போதும். எல்லோரும் மூச்சு விட்டிருப்போம். அவள் வேலை மட்டும்தான் போயிருக்கும். சொல்லித் தொலையேண்டி என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன்.

அவள் சொல்லவில்லை. "நான் தொட மாட்டேங்க" என்றாள் பெரியவரிடம். "நீங்களே தொட்டுப் பாருங்க. மிஷினு ஓடட்டும், நீங்க படத்து மேல கைய வெய்ங்க. நான் சொன்னது பொய்யின்னா இப்பவே இந்த வேலய வுட்டுட்டு வூட்டுக்குப் போயிடறேன்."

பெரியவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அடித்துவிடுவாரோ என்றுகூட நினைத்தேன். பிறகு படத்தின் எதிரே போய் நின்றார். எஸ்தர் சுவிட்சைப் போட்டாள். பெரியவர் உள்ளங்கையைக் கண்ணாடி மேல் வைத்தார். சன்னச் சத்தம் நின்றது. கையை எடுத்தார், வந்தது. மறுபடி வைத்தார், நின்றது. பொறியாளர் மீட்டரைப் பார்த்துவிட்டு, "இப்ப இறங்கிடுச்சு" என்றார். பெரியவர் அதற்கப்புறமும் கையை எடுக்காமல் வெகுநேரம் நின்றார்.

மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, படத்தைக் கும்பிட்டு, பூச்சரத்தோடு தாமே கழற்றினார். தரையில் வைக்க முடியாது. யார் கையிலும் கொடுக்கவும் இல்லை. மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே போய், செருப்பில்லாமல் வெயிலில் நின்றார். காலியான இடத்தை உமிச் சாக்கால் அடைத்தோம். எஸ்தர் கை தட்டினாள், தலையாட்டினாள். பொறியாளர் ஓட்டி அளந்தார். எல்லா மைக்கிலும் எல்லைக்குள் வந்தது. ரிப்போர்ட்டில் அவர் கையெழுத்துப் போடும்வரை நான் அம்மனையும் மாதாவையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். முதலாளி எஸ்தரிடம் வந்து, "டீ சாப்ட்டியா?" என்று கேட்டார். அவள் வேலிப் பக்கம் போய், குனிந்து வாந்தி எடுத்தாள்.

இதோடு முடிந்திருந்தால் நான்கூட இதை நல்ல கதையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். நாங்கள் மைக் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது பெரியவர் ஆளைக் கூப்பிட்டு, படத்தைத் திரும்ப மாட்டுவதற்கு முன் தரையைக் கழுவிவிடச் சொன்னார். எங்கள் எதிரிலேயே குடம் குடமாக ஊற்றினார்கள். என் வாய் உங்களுக்குத் தெரியும். "இன்னா, எங்க காலு பட்ட எடம் அவ்ளோ அழுக்கா?" என்று கிளம்பினேன். எஸ்தர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "கழுவட்டும்க்கா. தரை சுத்தமா கீதுன்னா அடுத்த தடவ அளக்கறதுக்கு நமக்குத்தான் நல்லது" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டேன். "ஏண்டி, பயமா இல்லையா உனக்கு? ஊரே திரும்பியிருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

"பயந்தேன்க்கா. ஆனா காதுல வுழுந்தத வுழலன்னு ஒரு தடவ சொல்லிட்டன்னா, அப்பறம் இந்தக் காத வெச்சிக்கினு நான் இன்னா வேல செய்வேன் சொல்லு."

அந்த சீட் அவளிடமே இருந்தது. கடைசி நாள்வரை இருந்தது. அந்தக் குடோனில்தான் ஒவ்வொரு புது மிஷினையும் அளந்தோம். ஒவ்வொரு தடவையும் பெரியவர் வந்து படத்தை எடுத்துக்கொண்டு வெளியே நிற்பார். எஸ்தரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அடக்கத்துக்கும் வரவில்லை. வந்தார் என்று எழுத ஆசைதான், பொய் எழுத வரவில்லை.

அவள் போன பிறகு முதல் அளவெடுப்பு போன வாரம் நடந்தது. டெஸ்டிங்கில் இப்போது கலா; அவளும் காலனிப் பெண்தான். புது மிஷின், அவசர ஆர்டர், வந்திருந்த பொறியாளருக்கும் அவசரம். அமைதியை அளக்கத் தொடங்கும்போது கலா மெல்ல, "சார், மோட்டார் சத்தம் கேக்குது" என்றாள். வயலில் பெரியவரின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய நாற்றங்காலுக்குத் தண்ணீர். அதை நிறுத்தச் சொல்ல வேண்டுமே என்று எல்லோரும் ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்தார்கள். "அதெல்லாம் ஒண்ணும் கேக்கல. ஆரம்பிங்க" என்றார் முதலாளி. கலா அடுத்த வார்த்தையை விழுங்குவது எனக்குத் தெரிந்தது.

"எனக்கும் கேக்குது சார்" என்றேன்.

இத்தனை வருஷம் கத்தியே காலம் தள்ளியவள் நான். இந்த ஒரு வார்த்தை மட்டும் எனக்குச் சுலபமாக வரவில்லை. முதலாளி என்னை முறைத்தார். நான் அவரை விட்டுவிட்டு, வாசலில் படத்தோடு நின்றவரைப் பார்த்து, "பெரியவரே, மோட்டார நிறுத்தச் சொல்லுங்க. அப்பறம்தான் அளப்போம்" என்றேன். அவர் என்னையும் கலாவையும் பார்த்துவிட்டு ஆளை அனுப்பினார். மோட்டார் நின்றது. அறை அமைதியானது.

எஸ்தர், உன்னிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இது ஒன்றுதான். அன்று உன் பக்கத்தில் அத்தனை பேர் அந்தச் சத்தத்தைக் கேட்டோம். நீ ஒருத்திதான் சொன்னாய். இனி உன் சீட்டில் உட்காருகிறவள் தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது. நான் இருக்கும்வரை.